ஆறு வளைவது ஏன்?

(சீயமங்கலத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



செஞ்சி மலைகளில் தோன்றும் சங்கராபரணி, 1959-ல் கட்டி முடிக்கப்பெற்ற வீடூர் அணையைக் கடந்து, புதுவைக்கு அருகே கடலில் கலக்கிறது. வளைந்து செல்லும் ஆறுகளில் ஒரு கரை நிலத்தை இழப்பதையும், எதிர்க்கரை மணல் மேடாவதையும் நாம் காண்கிறோம். காரணம் யாது?

வளைவில் திரும்பும் நீர் வெளிக்கரையை நோக்கித் தள்ளப்பெறுகிறது. அங்கே வேகம் மிகுந்து, கரையின் அடி அரிபடுகிறது. அடிமட்டத்து நீரோ மணலையும் வண்டலையும் உட்கரைக்கு இழுத்துச் சென்று குவிக்கிறது. தேநீரைக் கலக்கினால் இலைத்தூள் கோப்பையின் நடுவில் சேர்வதும் இவ்வாறே என்று 1926-ல் ஐன்ஸ்டீன் விளக்கினார்.

இன்று அறிஞர்கள் இதனைக் கணினியில் இட்டுப் பார்க்கின்றனர். 1981-ல் இகேடா, பார்க்கர், சவாய் ஆகிய மூவர் வகுத்த விதி எளியது: கரையோர வேகம் சராசரி வேகத்தை எவ்வளவு விஞ்சுகிறதோ, அவ்வளவுக்குக் கரை அரிபடும். சற்றே நெளிந்த கோடொன்றைக் கொடுத்தால், நெடுங்கால மாறுதலைக் கணினி விரைவில் வரைந்து காட்டுகிறது. வளைவுகள் பெருக்கின்றன, கீழ்நோக்கி நகர்கின்றன, முடிவில் கழுத்து அறுபட்டு, பழைய வளைவு குட்டையாக நின்றுவிடுகிறது.

நமக்கு இதில் பாடம் உண்டு. ஓர் ஊர் தன் கரைக்கு மட்டும் கல் அடுக்கினால், நீரின் போக்கு மாறி, அடுத்த ஊரின் வயல் அரிபடலாம். வெளிக்கரையின் அடியில் மணல் அள்ளுவது, நம் வயலுக்கு நாமே குழி தோண்டுவதாகும். ஆகவே, கரையில் நாணலும் வெட்டிவேரும் வளர்ப்போம். தடுப்பு வேலை தொடங்குமுன் மேலூராரும் கீழூராரும் கூடித் தீர்மானிப்போம். ஆறு எல்லோர்க்கும் பொது. அதன் கரையைக் காப்பதும் பொதுக் கடமையே.