ஒயர் கூடையும் நம்ம சுருக்குப் பையும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவங்க தொழில், கடன், வருமானம் பற்றிப் பேசினாங்க. நான் வருமானம் வராத ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கேன். ஒயர் கூடை பின்னுவதைப் பற்றி. விற்பதற்காகப் பின்னுவதில்லை, பிடிச்சிருக்குன்னு பின்னுவது.

கூடை பின்னத் தெரியும்னு சொன்னவுடனே, "அப்போ விக்கலாமே"ன்னு கேட்பாங்க. விற்கிறவங்க விற்கட்டும், நல்லதுதான். ஆனால் நாள் முழுக்க உழைச்சுட்டு, ராத்திரி அரை மணி நேரம் உட்கார்ந்து நெல்லிக்காய் முடிச்சு போடும்போது மனசு அடங்குது பாருங்க, அது நமக்கே நமக்கானது. அதிலும் ஆர்டர், கெடு என்று வந்துட்டா அதுவும் ஒரு வேலையாயிடும்.

எங்க குழுவில் ஓர் அக்கா சிவன் கண் கூடை அவ்வளவு நேர்த்தியாப் பின்னுவாங்க. "இதுக்கெல்லாமா காசைக் கொட்டறது?"ன்னு வீட்டில் ஒரு வார்த்தை வந்தது. ஒயரை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டவங்க, ரெண்டு வருஷம் தொடவே இல்லை. செலவு இவ்வளவுதான்னு கணக்குச் சொல்ல வழி இருந்தா, அந்தக் கை நின்றிருக்காது. அதனால்தான் இன்னிக்குக் கணக்கு பேசறேன்.

முதல் கணக்கு, எடை. ரோல் விலையை மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. ஒரு கடையில் ரோல் 60 ரூபாய், பக்கத்துக் கடையில் 50 ரூபாய்னு வச்சுக்குவோம். 50 ரூபாய்தான் மலிவுன்னு தோணும். தராசில் வையுங்க. முதல் ரோல் 300 கிராம், அடுத்தது 220 கிராம்னா, 100 கிராமுக்கு முதல் கடையில் 20 ரூபாய், இரண்டாவதில் கிட்டத்தட்ட 23 ரூபாய். மலிவுன்னு நினைச்சதுதான் விலை கூட.

இரண்டாவது, தரம். ஒயரை மடக்கிப் பாருங்க. மடிச்ச இடம் வெளுத்துக் கோடு விழுந்தா, முடிச்சு இறுக்கும்போது அங்கேயே வெடிக்கும். காய்கறி வாங்கப் போகும் கூடை நடுவழியில் அறுந்தால், மிச்சம் பிடிச்ச பத்து ரூபாய் எங்கே போச்சு?

மூன்றாவது, நிறம். ஒரு கூடைக்கு வேண்டிய ஒயரை ஒரே தடவையில் வாங்கிடுங்க. அடுத்த சரக்கு அதே பச்சையா இருக்காது. ஆனா நாலு கூடைக்கு வேண்டியதை மொத்தமா வாங்கி அடுக்காதீங்க. பின்னாத ஒயர் முடங்கின பணம்.

நான்காவது, போக்குவரத்து. டவுனில் மொத்தக் கடைகளில் விலை குறைவுதான். சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனா ஒரு ரோலுக்காக ஒரு நாள் கூலியை விட்டுட்டுப் போனால் அது லாபமா? ரேஷன் விஷயமோ, ஆஸ்பத்திரியோ, வேறு வேலையா போகும்போது மூணு கடை ஏறி இறங்குங்க. விலையை ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்க. அடுத்த முறை உள்ளூர் ஃபேன்சி ஸ்டோரில் பேரம் பேச அந்த நோட்டுதான் துணை.

மொத்தக் கடையில் கட்டாகத்தான் தருவேன்னு சொன்னா, அஞ்சு பேர் சேருங்க. சேர்ந்து வாங்கறது நமக்குப் புதுசா? 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாட்டின் முதல் குழுக்கள் தொடங்கியதிலிருந்து நாம் செய்யறது அதுதானே! சிறுசிறு காசைச் சேர்த்தால் பெரிய காரியம் நடக்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாச் சொல்றேன். இதுக்காக உள்கடன் எடுக்காதீங்க. குழுச் சேமிப்பிலும் கை வைக்காதீங்க. வாரம் பத்து ரூபாய் தனி டப்பாவில் போடுங்க. டப்பா நிறைஞ்சா கூடை, நிறையலைன்னா பொறுத்திருங்க. அந்த அக்காவும் இப்போ அப்படித்தான் டப்பா வச்சிருக்காங்க. பரண் மூட்டை கீழே இறங்கிடுச்சு. வீட்டில் கேட்டால் டப்பாவைக் காட்டறாங்க. அதற்குமேல் பேச்சு இல்லை.

மிச்சத் துண்டுகளையும் வீசாதீங்க. பிள்ளைகளுக்குப் பேனா டப்பா, சின்னக் கூடைக்குக் கரை, அறுந்த கைப்பிடிக்கு மாற்று என்று எத்தனையோ ஆகும்.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. மாதக் கூட்டத்துக்கு வரும்போது அவங்கவங்க வீட்டில் கிடக்கும் மிச்ச ஒயரைக் கொண்டுவரச் சொல்லுங்க. என்கிட்ட சிவப்பு, உங்ககிட்ட மஞ்சள். மாத்திக்குவோம், பைசா செலவில்லை. தீர்மான நோட்டில் இதை ஒரு வரி ஏத்திட்டா போதும்.

சிக்கனம்னா ஆசையை விடறது இல்லீங்க. ஆசை நிலைக்கிறதுக்கு வழி பண்றது.