நூறில் ஒரு இடம் – அது வீணாகலாமா?

(மேகமலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



கொழுந்து பறித்த களைப்போடு உட்கார்ந்திருக்கிறீர்கள். சுருக்கமாகவே பேசுகிறோம்.

இந்த மலையில் ஒருத்திக்குப் பிரசவ வலி கண்டால் சின்னமனூருக்கு இறங்க வேண்டும். அங்கே முடியாதென்றால் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே அவள் கையைப் பிடிப்பவள் நர்ஸ். அந்த நர்ஸ் லயன் வீட்டிலே, பளியர் குடிசையிலே பிறந்தவளாக ஏன் இருக்கக் கூடாது?

சென்னை பொது மருத்துவமனையில் 1871-ல் நர்ஸ் பயிற்சி தொடங்கியது. அன்னியர் உடம்பைத் தொடுவது தீட்டு என்று மேல்ஜாதிக் குடும்பங்கள் ஒதுங்கின. வேலூரில் 1946-ல் பட்டப் படிப்பு வந்தது. தொழிலுக்கு மதிப்பு ஏற ஏற வாசலில் கூட்டமும் ஏறியது. நம் பிள்ளை பின்னுக்குத் தள்ளப்பட்டாள்.

சட்டத்தில் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நூறு இடத்தில் 18 ஆதிதிராவிடருக்கு. அதற்குள் 3 அருந்ததியருக்கு என 2009-ல் சட்டமாயிற்று, 2024-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றது. பழங்குடிக்கு ஒன்று.

அந்த ஒன்றின் கதையைக் கேளுங்கள். பளியர் தகப்பனார் ஒருவரோடு, மகளின் ஜாதிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்தோம். "மலையில் இருந்தால் மலைஜாதியா?" என்று கேட்டார்கள். எட்டாவது தடவை காகிதம் கிடைத்தது. விண்ணப்பத் தேதி போய்விட்டது. அந்தப் பெண் இன்று ஏலத் தோட்டத்தில் கூலி.

உள்ளே நுழைந்தாலும் போராட்டம் ஓயாது. டில்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் வகுப்பிலும் ஒதுக்கப்பட்டதை 2007-ல் தோரட் கமிட்டி வெளிப்படுத்தியது. பாடமோ இங்கிலீஷில். தமிழில் படித்த பெண் முதல் மாதமே மிரண்டு போகிறாள். அவளுக்குத் தனி வகுப்பு வைப்பதும், விடுதியில் ஒரே பந்தியில் உட்கார வைப்பதும் கல்லூரித் தலைமையின் கடமை. செய்யாத தலைமையைக் கேட்பது நமது கடமை.

முடியுமா என்கிறீர்களா? அமெரிக்காவின் பாஸ்டனில் மேரி மஹோனி என்ற கறுப்பினப் பெண் 1879-ல் பயிற்சியை முடித்து, அந்நாட்டில் பயிற்சி பெற்ற முதல் கறுப்பின நர்ஸ் ஆனார். தூத்துக்குடி ஜில்லாவின் அன்பு ரூபி 2019-ல் தமிழக அரசு நர்ஸாக நியமனம் பெற்றார். திருநங்கையரில் அவரே முதல்வர். முதலில் நுழைகிறவருக்குத்தான் முள் அதிகம். பின்னால் வருகிறவருக்குப் பாதை கிடைக்கிறது.

ஆகவே, தோழர்களே! பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே சான்றிதழுக்கு மனுப் போடுங்கள். பழங்குடியினர் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். பி.எஸ்சி. நர்சிங்குக்குப் பௌதிகம், ரசாயனம், உயிரியல் வேண்டும்; பதினோராம் வகுப்பிலேயே அந்தப் பிரிவில் சேருங்கள். அலுவலகத்துக்குத் தகப்பன் தனியாகப் போக வேண்டாம். பத்துப் பேர் கூடப் போவோம்.

அடுத்த வருஷம் அந்த ஓர் இடத்தை விடமாட்டோம்!