பெயரில்லாத வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18. நெல்லைப் பக்கம் தாமிரபரணி ஆறு கரைபுரண்டது. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது. வண்ணாரப்பேட்டையில் வீடுகளுக்குள் தண்ணீர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை!

அது என்ன புயல்?

புயலே இல்லை. குமரிக்கடல் பக்கம் நிலவிய வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி, அவ்வளவுதான். இரண்டு வாரம் முன்பு சென்னையை மூழ்கடித்த புயலுக்கு மிக்ஜாம் என்று பெயர் இருந்தது. நம் வெள்ளத்துக்குப் பெயர்கூட இல்லை.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல் என்று வானிலைத் துறை சொல்வதெல்லாம் காற்றின் வேகத்தை வைத்து. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர். புயல் என்பது காற்றின் கணக்கு. மழையின் கணக்கு இல்லை. விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்து, குடத்தில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல முடியுமா?

"புயல் இல்லைன்னுதானேப்பா சொன்னாக" என்று ஒரு ஆச்சி நனைந்த பாயைப் பிழிந்தபடி கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

மழைக்குத் தனிச் சொற்கள் உண்டு. கனமழை, மிக கனமழை, அதி கனமழை. அதி கனமழை என்று காதில் விழுந்தால், புயல் உண்டா என்று கேட்டு நிற்காதீர்கள். ஆற்றங்கரையில் இருப்பவர்கள் அரிசியையும் ஆவணங்களையும் முதலில் மேலே ஏற்றுங்கள்.