காவற்காரர் ஏன் நிற்கிறார்கள்?



உயர்தர உயிரியல் வகுப்பில் வெண்குழியங்களை உடலின் காவற்காரர் என்று படித்தோம். வாவிக்கு அப்பால், படுவான்கரையிலிருந்து வருபவர்களிடம் நாம் அதிகம் காண்பது வாய்ப் புற்றுநோய். அந்தக் கட்டிகள் பலவற்றுக்குள் காவற்காரர் நிற்கிறார்கள்; ஆனால் தாக்குவதில்லை. கட்டி ஓயாமல் தூண்டத் தூண்ட, ரீ கலங்களின் மேற்பரப்பில் பீ.டீ-1 என்ற புரதம் கூடிப்போகிறது. அது ஒரு தடை, சைக்கிள் பிரேக் போல. கட்டியின் கலங்கள் அதற்குப் பொருந்தும் இன்னொரு புரதத்தை நீட்டி அதை அழுத்துகின்றன. பீ.டீ-1ஐ 1992இல் கண்டறிந்த யப்பானியர் ஹொன்ஜோ 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தடையை விடுவிக்கும் மருந்துகளும் வந்துவிட்டன. விலையோ பெரிது, கேட்பதும் சிலருக்குத்தான்.

வெற்றிலை வட்டா நம் வீட்டு மரியாதை, குறைசொல்ல வாய் வராது. ஆனாலும் புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் என்பது உறுதியாகிவிட்டது. வெள்ளைத் திட்டோ, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தாலும் அம்மம்மா தானாகச் சொல்லமாட்டார். ஊருக்குப் போகும்போது வாயைத் திறக்கச் சொல்லி ரோச் அடித்துப் பாருங்கள்: நாக்கின் கீழும், கன்னத்தின் உட்புறமும்.