ஆறு வீதம் கேட்ட விரிவுரையாளர்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கலாநிதி ஹரிணி அமரசூரியவைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். இந்நாட்டின் மூன்றாவது பெண் பிரதமர் அவர். முன்னைய இருவரும், சிறிமாவோ அம்மையாரும் சந்திரிகா அம்மையாரும், தாயும் மகளும். இவருக்கு அப்படியோர் அரசியல் வீடு இல்லை. வகுப்பறையிலிருந்து வந்தவர்.

1970இல் பிறந்தார். பாடசாலை முடிந்த காலத்தில் ஜே.வி.பி. கிளர்ச்சியால் பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்தன. டில்லி இந்துக் கல்லூரிக்குப் போய்ச் சமூகவியல் படித்தார். அதே ஜே.வி.பி. தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்தியின் தேசியப் பட்டியலில்தான் 2020இல் பாராளுமன்றம் சென்றார். குறையாகச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் விடவும் முடியாது. இடையில் எடின்பரோவில் மானிடவியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, 2011இல் திறந்த பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார்.

2012 உங்களுக்கு நினைவிருக்கும். விரிவுரையாளர்கள் மூன்று மாதம் பணிப்பகிஷ்கரிப்புச் செய்தார்கள். பிள்ளைகள் கம்பஸ் திறக்கும்வரை வீட்டில் இருந்தார்கள், நாங்கள் ஏசினோம். சம்பளம் மட்டுமல்ல அவர்கள் கேட்டது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கும்படி கேட்டார்கள். அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர்களில் ஹரிணியும் ஒருவர்.

2024 பொதுத் தேர்தலில் கொழும்பு மாவட்டத்தில் அவருக்குக் கிடைத்த விருப்பு வாக்குகள் 655,289. பிரதமர் பதவியோடு கல்வி அமைச்சும் அவரிடமே வந்தது. கேட்டவரே கொடுக்க வேண்டியவரானார். எனக்கு அவருடைய பட்டங்களைவிட இதுதான் பெரிய விஷயம்.

நமக்கு இதில் என்ன? ஆய்வுகூடத்துக்கு நாம் பணம் சேர்த்தோம். மலசலகூடம் திருத்தினோம். கதிரை மேசையும் வாங்கினோம். லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் அனுப்பிய காசு. சந்தோஷம்தான். ஆனால் வெளிநாட்டில் ஒரு பழைய மாணவிகூட இல்லாத வன்னிப் பாடசாலைக்கும் தோட்டப் பாடசாலைக்கும் யார் அனுப்புவது? அந்த 6 வீதம் அவர்களுக்காகக் கேட்கப்பட்டது.

விழா வேலைகள் முடிந்ததும் நம் சங்கம் அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். நம் பாடசாலைக்கு எதுவும் கேட்காத கடிதமாக அது இருக்கட்டும். 2012இல் அவர் கேட்டதையே நாமும் கேட்போம். கையெழுத்திட விரும்புவோர் தேநீர் இடைவேளையில் என்னிடம் வாருங்கள்.