துண்டுக்கு அடியில் ஒரு விலை

திருவண்ணாமலை கார்த்திகை தீபம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மலை உச்சிக் கொப்பரைதான் நினைவுக்கு வரும். சுற்றுவட்டாரக் குடியானவர்களுக்கு அதோடு கூடுகிற மாட்டுச் சந்தையும் உண்டு.

அங்கே தரகர் மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்ப்பார். “நாலு பல்லுதான், இன்னும் கடை சேரல” என்பார். சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். இதெல்லாம் ஊரறிய நடக்கும். விலை என்று வந்ததும் தோளில் கிடந்த துண்டு கைமேல் விழும். உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார். ஒரு விரல் என்றால் ஒன்று, இரண்டு சேர்ந்தால் இரண்டு. பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. வாய் மட்டும் ஓயாது: “என்னங்க இது, மாட்டுக்காரரு வயித்துல அடிக்காதீங்க!”

கேட்ட விலை படியாமல் போனாலும் அது வெளியே தெரியாது; அடுத்து வருகிறவரிடம் மாட்டின் மதிப்புக் குறையாது. நடுவில் தரகருக்கு ஒரு தொகை ஒதுங்கவும் அதே துண்டுதான் இடம் கொடுக்கிறது. அதனால் இதைப் பெரிய மரபு என்று கொண்டாட எனக்கு வாய் வரவில்லை. திறமை என்றால் திறமைதான்.

வாயைவிடக் கைதான் பேசுகிறது என்று இதைப் பார்த்தால் தோன்றும். பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும், சொல்லுக்கு வெறும் 7 என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு அது. ஒற்றைச் சொல், குரல், முகப்படம் இவற்றை வைத்து விருப்பு வெறுப்பை மட்டும் அளந்தவை அவை. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். சந்தைத் துண்டைக் கேட்டாலும் அதையேதான் சொல்லும். மூன்று விரல் மூவாயிரமா, முப்பதாயிரமா? அதுவரை வாயால் பேசியதை வைத்துத்தான் அது விளங்கும்.

வீட்டிலும் இதே கதைதான். “இருங்க, சாப்பிட்டுப் போகலாம்” என்று சொல்கிறவர் எழுந்து இலையைத் தேடினால் அது அழைப்பு. உட்கார்ந்தபடியே சொன்னால் செருப்பை மாட்டிக்கொள்ளலாம்.

ரமணாசிரமத்துப் பக்கம் டீக்கடையில் வெளிநாட்டுக்காரர் சர்க்கரை வேண்டாம் என்கிறார். மாஸ்டர் தலையை இருபக்கமும் சாய்க்கிறார். மறுக்கிறார் என்று நினைத்து வந்தவர் மறுபடி கேட்கிறார். தலை மறுபடி சாய்கிறது. கூடவே தொண்டையில் ஒரு “ம்” வருகிறது. நம் ஊர்க்காரராக இருந்தால் அந்த “ம்”மைக் கேட்டதுமே காசை எடுத்து வைத்திருப்பார்.