பகராள் யாருடைய ஆள்?



கணினியில் உலாவியின் வலையிணைப்பு அமைவுகளைச் சொல்லும்போது நம்மவர் 'பிராக்சி' என்கின்றனர். அவ்வொலியால் விளங்குவது யாது? ஒன்றுமில்லை. விளங்காமையால், எவரோ தந்த முகவரியை அப்படியே இட்டுவிடுகின்றனர். 'பதிலாள்' என்பாரும் உளர். பதில் என்பது அரபுவழி வந்த சொல். 'பகராள்' என்று சொல்லிப் பாருங்கள்! நமக்குப் பகரமாக வெளியே சென்று, நாம் கேட்டதை வாங்கி வரும் ஆள் என்பது சொல்லிலேயே புலப்படும். உடனே, 'அவன் யாருடைய ஆள்?' என்னும் வினா எழும். அவ்வினாவே நமக்குக் காப்பு!

2004இல் வெளிவந்த பயர்பாக்சு உலாவியைக் கொள்வோம். அதில் ஐந்து வழிகள் உள: பகராள் வேண்டா எனல், தானே கண்டறியவிடல், கணினியின் அமைவைப் பின்பற்றல், தானியங்கு அமைவுக்குரிய முகவரி தரல், கைப்பட நிரப்பல். கைப்பட நிரப்புவோர் வழங்கியின் முகவரியையும் வாயில் எண்ணையும் இடுதல் வேண்டும். 8080, 3128 என்பன பெரிதும் வழங்கும் எண்கள்.

மறையாக்கம் இல்லாத பக்கமாயின், பகராள் அனைத்தையும் படிக்கவியலும். மறையாக்கம் இருப்பினும், நாம் எத்தளத்திற்குச் சென்றோம் என்பதை அறிவான். முன்பின் அறியாதான் கையில் நம் ஓலையைக் கொடுத்தனுப்புவோமா?

சொல்லைத் தமிழாக்குவது வெறும் பெருமைக்கன்று, விழிப்புக்கு!

வாழ்க தமிழ்!